அத்தையோடு போன கடற்கரைச் சாலை

பிரிந்துவிடுவது என்று நானும் என் கணவரும் முடிவெடுத்த பிறகுதான் அந்தப் பயணம் போனோம். எங்களோடு வந்தது அவருடைய அம்மா. கிள்ளானில் கிளம்பி, காப்பார் வழியாகக் கடலை ஒட்டியே மேலே போய், ஜெரம், கோல சிலாங்கூர், செகிஞ்சான் என்று ஒவ்வோர் இடமாக நின்று பார்த்துவிட்டு மாலையில் திரும்புவது என்று ஏற்பாடு. அத்தைக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. "கால அறுத்துத் தைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா சுத்திப் பாத்துடணும்" என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. அவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, எனக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகம். அவர் வீட்டுக்கு வரும் நேரம் நான் காரை எடுத்துக்கொண்டிருப்பேன். குழந்தைக்காக மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்த வருடங்கள் முடிந்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து செய்வதற்கு எந்தக் காரியமும் மிச்சமில்லாமல் போய்விட்டது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர்தான் கேட்டார், "இப்படியேதான் இருக்கப்போறோமா?" என்று. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வராதது எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தோம். அதற்குள் அவருக்கு ஜோகூர் பாருவில் ஒரு வேலை கிடைத்தது, அடுத்த மாதமே போக வேண்டும். அதற்கு முன்னால் அத்தையிடம் சொல்லியாக வேண்டும். வேறு யார் வாயிலிருந்தும் அவர் இதைக் கேட்கக்கூடாது, நாம் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பதில் நாங்கள் ஒன்றாக இருந்தோம். "வீட்டுல வச்சு சொன்னா அம்மாவால தாங்க முடியாது. சுத்திப் பாக்கப் போற அன்னிக்கு எங்கயாவது காத்தாட உக்காரவச்சு மெதுவா சொல்லிடலாம்" என்றார் அவர். எனக்கும் அது சரியென்று பட்டது. ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்ட பயணத்தில் கொண்டுபோய் அந்தச் செய்தியை வைக்கலாம் என்று எங்களுக்கு எப்படித் தோன்றியது என்று இப்போது யோசித்தால் விளங்கவில்லை.

அத்தை கிள்ளானில் மாடியில்லாத ஒரு வீட்டில் தனியாக இருந்தார். மாமா இறந்து வெகுநாளாகியிருந்தது. மகள் சிரம்பானில் குடும்பத்தோடு இருந்தார். சனிக்கிழமைகளில் அத்தையைப் பாசாருக்குக் கூட்டிப்போவது என் வேலை. மீன் கடையில் அவர் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசும்போது பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குழந்தை ஏன் இல்லை என்று அவர் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஓர் அம்மாள் கேட்டபோது, "அவங்களுக்குத் தெரியும் லா, நீங்க சாப்புடுங்க" என்று அந்த அம்மாளின் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எனக்கு அவரிடம் எதையும் மறைக்க வேண்டியிருந்ததில்லை, அந்த ஒன்றைத் தவிர.

அன்று காலை நாங்கள் போய் நிற்கும்போது அத்தை வாசலில் தயாராக இருந்தார். ஊதாப் பூப்போட்ட பஞ்சாபி உடை, வெள்ளைச் சப்பாத்து, கையில் அரிசிச் சேமியா நிறைந்த இரண்டு அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம். "மீஹூன் பெரட்டியிருக்கேன். கடையில விக்கிறத நம்பிப் போக முடியுமா?" கால் நீட்ட வசதியாக அவரை முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அதனால் நானும் என் கணவரும் காரில் பேசிக்கொண்டதெல்லாம் காரின் நடுக் கண்ணாடி வழியாகத்தான். அவர் கண்ணை உயர்த்துவார், நான் தலையை அசைப்பேன்.

காப்பார் தாண்டும் முன் ஒரு முச்சந்தியில் அத்தை சட்டென்று ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். "இங்கதான், இங்கதான் எங்க பஸ் திரும்பும்." அவர் ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அத்தனை வருடமும் கம்பெனி பஸ் அந்த முச்சந்தியில் வலது பக்கம் திரும்பிவிடும். நேரே போகும் ரோடு கடலுக்குப் போகிறது என்று டிரைவர் சொல்லித் தெரியுமாம். கடல் பார்ப்பதென்றால் அவர்கள் குடும்பத்துக்கு எப்போதும் மோரிப் கடற்கரைதான், இந்தப் பக்கம் வந்ததே இல்லை. "நேரா போ தம்பி" என்று மகனிடம் சொன்னார். கார் முச்சந்தியைக் கடந்ததும் கைதட்டிச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், இடையிடையே லோரிகள், வாழைப்பழக் குலைகள் தொங்கும் சாலையோரக் கடைகள். ஜெரத்தில் இறங்கியபோது கடல் உள்வாங்கியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பளபளவென்று சேறு, அதில் படகுகள் சாய்ந்து கிடந்தன, சின்னச் சின்ன மீன்கள் சேற்றின் மேலேயே துள்ளித் துள்ளிப் போயின. கடலைப் பார்க்க வந்தவருக்குச் சேற்றைக் காட்டுகிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தைக்கு அதுவும் பிடித்தது. "தண்ணி எங்கயும் போயிடாது, சாயங்காலம் வந்துடும். இந்த மீனப் பாரு, காலு மொளச்ச மாதிரி ஓடுது" என்றார்.

கடலை ஒட்டி மரப்பலகைத் தளம் போட்ட ஒரு கடையில் உட்கார்ந்தோம். சுட்ட மீனும் நண்டும் சொன்னோம். அத்தை மீஹூன் பாத்திரத்தைத் திறந்துவிட்டார். "அம்மா, கடையில வந்து இதத் தொறக்காதீங்க" என்று அவர் பதறினார். அதற்குள் கடைக்கார மலாய் அம்மாள் எங்கள் மேசைக்கு வந்துவிட்டார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். அத்தை ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்துவைத்து, "ராசா லா காக், சாயா மாசாக் செண்டிரி" என்று நீட்டினார். நானே சமைத்தது, ருசி பாரு என்று. இறைச்சி இல்லை, வெறும் காய்தான் போட்டிருக்கிறது என்றும் சொன்னார். அந்த அம்மாள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, என்ன போட்டு அரைத்தாய் என்று கேட்க, அப்புறம் இரண்டு பேரும் மிளகாய் பற்றியும் முழங்கால் வலி பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கணவர் நண்டை உடைத்துச் சதையை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தார். அடுத்த துண்டை என் தட்டில் வைத்தார். கல்யாணமான புதிதில் அப்படித்தான் செய்வார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது போல. கையை இழுத்துக்கொண்டு டிஷ்யூவைத் தேடினார். நான் அதைச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லிவிடலாமா என்று கேட்கும் பார்வை. அத்தை அப்போது கடைக்கார அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேல் ஏற டிராம் வண்டி இருந்தது. அதில் அத்தையை ஏற்றி, மேலே கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம். பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. பெரிய மரத்தடியில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. கீழே ஆறு கடலில் கலக்கும் இடம் தெரிந்தது. நல்ல காற்று. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்கே தோன்றியது. அத்தையை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் அவர்.

"சொல்லுப்பா" என்று அத்தை அவர் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து ஒரு சாம்பல் குரங்கு இறங்கி வந்து அத்தையின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கீழே வாங்கிய பயத்தங்காய்க் கட்டு அவர் கையில்தான் இருந்தது. "ஐயோ, இங்க பாரு, இங்க பாரு! ஆடாதீங்க யாரும். கண்ணு, போட்டோ எடு, சீக்கிரம் எடு!" அந்தக் குன்றில் இருக்கும் குரங்குகள் சாது, பிடுங்காது. ஒவ்வொரு காயாக வாங்கி நிதானமாகத் தின்றது. அடுத்து ஒன்று தன் குட்டியோடு வந்தது. தாய் சாம்பல் நிறம், குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். அத்தை அந்தக் குட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே என் முழங்கையைத் தொட்டு ஒரு தடவை தடவிவிட்டார். அப்போது நான் போட்டோ எடுப்பது போல எழுந்து சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

கீழே திரும்பும் டிராமுக்குக் கூப்பிட்டார்கள். இறங்கி வந்து காரில் ஏறிய பிறகு அத்தையே கேட்டார்.

"என்னமோ சொல்லணும்னியே தம்பி?"

என் கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை, தலையையும் அசைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுச் சொன்னார், "எனக்கு ஜோகூர்ல வேலை கெடச்சிருக்குமா. நல்ல வேலை. அடுத்த மாசம் போகணும்."

"ஜோகூரா? தூரமாச்சே." அத்தை பின்னால் திரும்ப முயன்றார். கழுத்து அவ்வளவுதான் திரும்பியது. "நீயும் போறதானே கண்ணு? இவனுக்கு ஒரு முட்டகூடப் பொரிக்கத் தெரியாது."

அவர் சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். முன்னால் ஒரு லோரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"வேலைய மாத்திக்கிட்டுத்தான் போகணும் அத்தை. பாக்கணும்" என்றேன்.

"அதான் சரி." அத்தையின் குரல் உடனே மாறிவிட்டது. "இங்க என்ன இருக்கு? காலையில ஆளுக்கொரு பக்கம் ஓடுறீங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அங்க போயாவது ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுங்க. கால் சரியானதும் நானும் பஸ் ஏறி வந்துடறேன்." அப்புறம் செகிஞ்சான் வரும்வரை ஜோகூர் வீடு பற்றித்தான் பேச்சு. கீழ்வீடாகப் பார், எனக்குப் படி ஏற முடியாது. கறிவேப்பிலை வைக்க வாசலில் மண் இருக்கிற வீடாகப் பார். அவர் "சரிமா, ஓகே லா மா" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

செகிஞ்சானில் வயல் பச்சைப்பசேலென்று நின்றது. அத்தை ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி, காற்றில் முடி பறக்க உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் சிவப்பு நாடாக்கள் தொங்கும் ஒரு பெரிய மரம் இருந்தது. பக்கத்திலேயே சீனவர் கோயில். நாடாவை வாங்கி, அதில் வேண்டுதலை எழுதி, முனையில் கட்டியிருக்கும் காசோடு மரத்தின் மேல் வீசி எறிய வேண்டும். கிளையில் தங்கிவிட்டால் நடக்கும் என்கிறார்கள். அத்தைக்கு அதைச் செய்தே ஆக வேண்டும். மார்க்கர் பேனாவை வாங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எழுதினார். எழுதி முடித்ததும் அவரே நாடாவைத் திருப்பிக் காட்டினார். "உங்க ரெண்டு பேரு பேரயும் எழுதிட்டேன். வேற என்ன கேக்கப்போறேன்?"

அவர் எறிந்தது கிளைக்கு எட்டாமல் கீழே விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் என் கணவர் வாங்கி எறிந்தார். அது உயரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. அத்தை கைகூப்பிக் கும்பிட்டார்.

அத்தையை ஒரு கடையில் இளநீரோடு உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் தண்ணீர் ஓரம் வரை நடந்தோம். நாள் முழுக்க நாங்கள் தனியாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். இனிமேல் எப்படிச் சொல்வது என்று பேசத்தான் போனோம். அதைப் பேசவில்லை.

"நாம இந்தப் பக்கமெல்லாம் வந்திருக்கலாம்" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்லவந்தது போல இருந்தது. நான் திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சில் இருந்ததையும் நான் சொல்லவில்லை: அன்று காலையிலிருந்து எனக்கு அவரோடு இருப்பது லேசாக இருந்தது, பல வருடங்களுக்குப் பிறகு. ஒரு நல்ல நாளை நம்பி எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாவியை மாட்டியதும் இதெல்லாம் போய்விடும் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் அத்தை ஆற்றில் மின்மினிப் பூச்சி பார்க்கும் இடத்துக்குப் போகலாமா என்று கேட்டார். அதற்கு இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். "இன்னொரு தடவ வரலாம்மா, எனக்குக் காலையில ஷிப்ட்டு" என்றார் அவர். உண்மையில் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நாள் முடிந்தால் போதுமென்றிருந்தது. கிள்ளானில் இறக்கிவிட்டபோது அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "இந்த மாதிரி ஒரு நாளு நான் இருந்ததே இல்ல" என்றார்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் அவருக்கு வேலை. அதற்கடுத்த வாரம் எனக்குத் தலைவலி. அவர் ஜோகூருக்குக் கிளம்பும் அவசரத்தில் சிரம்பானில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கே அத்தையிடம் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துத்தான் பேச்சை எடுத்திருக்கிறார்.

நான் அலுவலகத்தில் இருந்தபோது அத்தை அழைத்தார். எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனேன்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. அன்னிக்குக் கடலுக்குப் போனோமே. அப்பவே முடிவாயிடுச்சா?"

"ஆமா அத்தை."

"அப்போ அன்னிக்குப் பூரா ரெண்டு பேரும் எனக்குப் படம் காட்டுனீங்களா?"

"இல்ல அத்தை. சத்தியமா இல்ல. அன்னிக்கு நான் நெசமாவே சந்தோஷமாத்தான் இருந்தேன்."

"சந்தோஷமா இருந்தா எதுக்குப் பிரியறீங்க?"

அத்தை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார். படிக்கட்டில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டதும் அத்தை வந்து திறந்தார். "வாங்க" என்றார். அதுவரை ஒருநாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை. "வா" என்பார், அல்லது எதுவும் சொல்லாமல் கையில் இருக்கும் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போவார். "உக்காருங்க" என்று வரவேற்பறை நாற்காலியைக் காட்டினார். விருந்தாளிகளுக்கு எடுக்கும் கண்ணாடிக் குவளையில், தட்டில் வைத்து, ஆரஞ்சுத் தண்ணீர் கொண்டுவந்தார். சமையலறைக்குள் நான் போகவில்லை. பாசாருக்குப் போகலாமா அத்தை என்று கேட்டேன். பக்கத்து வீட்டம்மாளோடு நேற்றே போய்வந்துவிட்டதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு அதெல்லாம். உங்க வாழ்க்க, நீங்க முடிவு பண்ணிக்கிட்டீங்க" என்றார். கோபமாக இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு மரியாதைக்கு முன்னால் உட்கார முடியவில்லை.

அறுவைச் சிகிச்சை நடந்து முடிந்ததை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். மகள் வந்து பார்த்துக்கொண்டாராம். மருத்துவச் சோதனைகளுக்கெல்லாம் கூட்டிப்போனவள் நான். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத்தான் தெரியும். தொலைபேசியை எடுத்து, எழுதி, அழித்து, கடைசியில் நலமா என்று மட்டும் அனுப்பினேன். நலம் என்று பதில் வந்தது.

நானும் அவரும் எப்போதாவது பேசிக்கொள்கிறோம். காரின் பழைய காப்புறுதி, வீட்டு வரி என்று ஏதாவது. அவர் நல்லவர். செகிஞ்சானில் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்டதில்லை. இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது?

சென்ற தீபாவளிக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருந்தேன். சேலைக் கடையில் கூட்டம். பட்டுப் பக்கம் நின்றிருந்த ஒருவரின் முதுகைப் பார்த்ததுமே அத்தை என்று தெரிந்துவிட்டது. மகளோடு வந்திருந்தார். ஊன்றுகோல் இல்லை, கால் நன்றாக இருந்தது. மகள் என்னைப் பார்த்துவிட்டுப் பில் போடும் பக்கம் போய்விட்டார். நான் தயங்கி நிற்க, அத்தை நேரே என்னிடம் வந்தார்.

"எளச்சுட்டியே" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து ஒதுக்கித் தூண் ஓரமாகக் கூட்டிப்போனார். "அவனுக்குப் பொண்ணு பாத்திருக்கோம். ஜோகூர்க்காரப் பொண்ணு. தைப்பூசம் முடிஞ்சு கல்யாணம். அதுக்குத்தான் சேல எடுக்க வந்தோம். வேற யாராச்சும் சொல்லி நீ கேக்கக்கூடாது. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"சந்தோஷம் அத்தை" என்றேன். அத்தை என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். நான் அழுதிருந்தாலும் அப்படியே நின்றிருப்பார் என்று தெரிந்தது. அவர் பிடித்த கையை விடவும் இல்லை.

மகள் கூப்பிட்டார். அத்தை இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி, "பசியோட சுத்தாதே, எதாச்சும் சாப்புட்டுட்டுப் போ" என்றார். நான் சரியென்று தலையாட்டினேன். எனக்குச் சேலை எடுக்கத்தான் அங்கே போயிருந்தேன். எடுக்கத் தோன்றவில்லை. வெளியே வந்து, முதலில் கண்ணில்பட்ட கடையில் உட்கார்ந்து ஒரு தோசை சொன்னேன். அத்தைக்கு அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதுவும் அத்தனை நெரிசலில் நின்றுகொண்டு. தோசை வந்து ஆறிய பிறகும் நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.